கால் சென்டர் வேலை: லாபம் எது, நட்டம் எது? உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள்

புதுவரவு

ஆஃபர் கையில் இருக்கிறது. வாடிக்கையாளர் சேவை, வாய்ஸ் பிராசஸ், சுழற்சி ஷிஃப்ட். "அந்தப் பக்கமே போகாதே" என்று பாதிப் பேர், "ஆரம்பத்துக்கு அதைவிட நல்லது கிடையாது" என்று மீதிப் பேர். இரு தரப்பும் காரணம் சொல்வதில்லை. உள்ளே என்ன நடக்கிறது, எதனால் ஆட்கள் ஓடுகிறார்கள், நிலைப்பவர்கள் எப்படி நிலைக்கிறார்கள் என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வரிசைக்கணக்கன்

கம்பெனி பெயரை விடுங்கள். காத்திருக்கும் அழைப்புகளின் ஒரு வரிசைக்கு எத்தனை பேரை உட்கார வைக்கிறார்கள் என்பதுதான் உங்கள் அன்றாடத்தைத் தீர்மானிக்கும். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த ஏ.கே. எர்லாங் என்ற டென்மார்க் கணிதர் 1917-இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். ஆள் கணக்குப் போடும் டபிள்யூ.எஃப்.எம். குழுக்கள் இன்னும் அதில்தான் தொடங்குகின்றன.

அரை மணி நேரத்தில் 100 அழைப்பு, ஒன்றுக்குச் சராசரி 3 நிமிடம் என்று வையுங்கள். மொத்தம் 300 நிமிட வேலை. 10 பேர் மூச்சுவிடாமல் பேசினால் தீர வேண்டும். தீராது. ஏனென்றால் அழைப்புகள் சீராக வருவதில்லை. திடீரென்று ஏழெட்டு சேர்ந்து விழும், அப்புறம் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது. "80 சதவீத அழைப்பை 20 விநாடிக்குள் எடு" என்பது பல இடங்களில் வைக்கும் இலக்கு. அதைத் தொட இந்த அளவுக்கு 14 பேர் வேண்டும்.

14 பேர் இருந்தால் சுமார் 89 சதவீதம் கிடைக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பிரேக் போனால் 64. மூன்று பேர் போனால் 39. நான்காவது ஆளும் எழுந்துவிட்டால் வரிசை வளர்ந்துகொண்டே போகும், தானாகக் குறையாது. "ஐந்து நிமிடம் லேட்டாக வந்ததற்கு டி.எல். (டீம் லீடர்) இப்படிக் குதிக்கிறாரே" என்று புதியவர்கள் புலம்புவார்கள். அவர் குதிப்பதற்குக் காரணம் இந்தச் சரிவு. ஒழுங்கு, மரியாதை எல்லாம் அதற்கு மேல் பூசும் பூச்சு.

விடுப்பு, பயிற்சி, மீட்டிங், பிரேக் எல்லாம் சேர்த்து நேரத்தில் 30 சதவீதம் போகிறது என்றால், இருக்கையில் 14 பேர் வேண்டுமானால் பட்டியலில் 20 பேர் இருக்க வேண்டும். சிக்கனம் பார்க்கும் இடத்தில் 16 பேரை வைத்து ஓட்டுவார்கள். அங்கேதான் லீவு கிடைக்காது, வார ஓய்வு மாறிக்கொண்டே இருக்கும், பிரேக் நகரும்.

புதுவரவு

அப்படியென்றால் ஆட்கள் நிறைய இருக்கும் பெரிய சென்டர் நல்லதுதானே?

வரிசைக்கணக்கன்

லீவு விஷயத்தில் ஆமாம். களைப்பு விஷயத்தில் நேர் எதிர். மேலே சொன்ன 14 பேர் சென்டரில் ஒருவர் தன் நேரத்தில் 71 சதவீதம் அழைப்பில் இருப்பார். ஒரு கால் (அழைப்பு) முடிந்து அடுத்தது வரச் சராசரி 72 விநாடி இடைவெளி. அதே அழைப்பு பத்து மடங்கானால் 140 பேர் தேவையில்லை, 107 பேர் போதும். பெரிய வரிசையில் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். இலக்கு அதேதான். ஆனால் ஆக்குபன்சி, அதாவது அழைப்பில் கழியும் நேரத்தின் பங்கு, 93 சதவீதத்தைத் தாண்டும், இடைவெளி 13 விநாடிக்குச் சுருங்கும். தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடுவதற்குள் அடுத்த பீப். சம்பளம் ஒன்று, இலக்கு ஒன்று, உடம்புக்கு மட்டும் இரண்டு வேறு வேலைகள்.

தரக்காது

கணக்கு சரி. ஒரு திருத்தம்: காத்திருப்பவர் யாரும் பொறுமை இழந்து வைத்துவிட மாட்டார் என்று எர்லாங் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் கொஞ்சம் பேர் வைத்துவிடுவார்கள், அதனால் சரிவு அவ்வளவு செங்குத்தாக இருக்காது. ஆனால் வைத்தவர் திரும்பவும் கூப்பிடுவார், முன்னைவிடக் கோபமாக.

நான் கியூ.ஏ. பக்கம், அதாவது பதிவான கால்களைக் கேட்டுத் தர மதிப்பெண் போடும் பிரிவு. புதியவர்களுக்குப் புரியாமல் போவது மதிப்பெண் எப்படி விழுகிறது என்பதுதான். பிழைகள் இரண்டு வகை. சாதாரணப் பிழைக்கு ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் குறையும்: வாழ்த்து விட்டுப்போனது, அறிவிக்காமல் ஹோல்ட் போட்டது, நீண்ட மௌனம். ஃபேட்டல் என்பது வேறு. ஒன்று நடந்தாலும் அந்த அழைப்புக்கு மொத்தமும் பூஜ்யம். வழக்கமான ஃபேட்டல்கள்:

ஆளைச் சரிபார்க்காமல் கணக்கு விவரம் சொல்வது. இதுதான் அதிகம் நடக்கிறது. கணவர் பெயரில் கணக்கு, பேசுவது மனைவி, எல்லா விவரமும் சரியாகச் சொல்கிறார், இரக்கப்பட்டுச் சொல்லிவிடுவார்கள். பெயர் அதிகாரப் பட்டியலில் இல்லையென்றால் சொல்லக் கூடாது.

கார்டு எண் வாங்கும்போது ரெக்கார்டிங்கை நிறுத்த மறப்பது. கார்டின் பின்னால் இருக்கும் சி.வி.வி. எண்ணைப் பரிவர்த்தனை முடிந்த பிறகு எந்த வடிவிலும் சேமிக்கக் கூடாது என்பது கார்டுத் துறையின் பி.சி.ஐ. விதி. ஒலிப்பதிவும் சேமிப்புதான். அதனால்தான் பல இடங்களில் மேசையில் பேனா, தாள், போன் எதற்கும் அனுமதி இல்லை.

இல்லாத வாக்குறுதி. "நாளைக்குள் பணம் வந்துவிடும்" என்று அழைப்பை முடிப்பதற்காகச் சொல்லிவிடுவார்கள். விதி ஏழு வேலை நாள் என்கிறது. அந்த ஒரு வாக்கியம் இன்னும் மூன்று கால்களை உண்டாக்கும், மூன்றாவது ஆளுக்குத்தான் திட்டு விழும்.

மாதம் முழுக்க நூற்றுக்கணக்கான கால் எடுப்பீர்கள், கேட்பது நாலைந்துதான். இந்தச் சின்ன மாதிரியை வைத்து ஒருவரின் தரத்தை முடிவு செய்வது நியாயமா என்றால், இல்லை. என் வேலையையே குறை சொல்கிறேன், பரவாயில்லை. எனவே மதிப்பெண் தவறு என்று தோன்றினால் விட்டுவிடாதீர்கள். கால் எண், எந்த நிமிடம் எந்த விநாடி, படிவத்தின் எந்த வரி, அறிவுத்தளத்தின் எந்தக் கட்டுரை, நான்கையும் எழுதி மறுமதிப்பீடு கேளுங்கள். "சார் நான் நல்லாத்தான் பேசினேன்" என்று போனால் திரும்பாது.

இராக்கோழி

இரண்டு பேரும் பயமுறுத்துகிறீர்கள். நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டாமா?

அனுபவம் கேட்காமல் எடுக்கும் வேலைகள் குறைவு. இங்கே பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு. முன்பின் தெரியாத ஒருவரின் பிரச்சினையை இரண்டு நிமிடத்தில் கேட்டு, பிரித்து, எழுதி, தீர்வு சொல்லும் பழக்கம் வேறு எந்தத் துறைக்குப் போனாலும் கூடவே வரும். கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்வது, சி.ஆர்.எம். என்ற வாடிக்கையாளர் விவர மென்பொருள், டிக்கெட் (புகார்ப் பதிவு) எழுதும் முறை, எல்லாம் சேர்த்தி.

மேலே போகும் படியும் தெளிவாகவே இருக்கிறது. ஏஜென்ட், அதன்பின் எஸ்.எம்.இ. (சந்தேகம் தீர்க்கும் துறை அறிந்தவர்), பிறகு கியூ.ஏ., டிரெய்னர், டபிள்யூ.எஃப்.எம்., டி.எல். என்று கிளைகள். எல்லோரும் டி.எல். ஆகத்தான் ஆசைப்படுகிறார்கள். 15 பேருக்கு ஒரு டி.எல். என்றால் போட்டியை நீங்களே கணக்குப் போடுங்கள். எக்செலில் கை பழகியவர்கள் டபிள்யூ.எஃப்.எம். பக்கம் போகலாம். ஹெட்செட்டிலிருந்து சீக்கிரம் விடுதலை, திறமையும் வெளியில் விலைபோகும்.

வரிசைக்கணக்கன்

அதை ரகசியமாக வைத்திருந்தோம் அண்ணே.

இராக்கோழி

:) 

சரி, இரவு ஷிஃப்ட். புதுவரவு கேட்டது "சுழற்சி" என்பதால் இதைக் கவனிக்க வேண்டும். நிரந்தர இரவைவிட, வாரா வாரம் கண்டபடி மாறும் ஷிஃப்ட் உடம்பைப் படுத்தும். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் காலை, மதியம், இரவு என்று முன்னோக்கி நகரும் சுழற்சி பரவாயில்லை. இரவிலிருந்து மதியம், மதியத்திலிருந்து காலை என்று பின்னோக்கி வந்தால் தூக்கம் பிடிக்காது. உடலின் உள்கடிகாரம் தாமதப்படுவதைத் தாங்கும், முன்கூட்டி எழுப்பினால் முரண்டு பிடிக்கும். ரோஸ்டரில் (ஷிஃப்ட் பட்டியலில்) இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். 11 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பயணம், குளியல், சாப்பாடு போகத் தூங்க நேரம் மிஞ்சாது.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இரவுப் பணியைப் "அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது" என்ற 2ஏ பிரிவில் 2007-இல் வைத்தது, 2019-இல் மறுபடி ஆராய்ந்தும் அதே பிரிவில்தான் விட்டது. ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. ஒருவருக்கு எத்தனை ஆபத்து என்ற அளவு அதில் இல்லை, பதற வேண்டாம். ஆனால் பல ஆண்டுகளுக்கு இரவிலேயே இருக்கும் திட்டம் வேண்டாம்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னாலேயே காபி, டீயை நிறுத்துவது. விடிந்த பிறகு வீடு திரும்பினால் கறுப்புக் கண்ணாடி. அறையை உண்மையாகவே இருட்டாக்குவது, மெல்லிய திரை போதாது. பிரேக்கில் 20 நிமிடத்துக்கு மேல் தூங்கக் கூடாது, எழுந்தால் தலை கனக்கும். ஷிஃப்ட் முடிந்து கண் செருகும்போது வண்டி ஓட்டவே கூடாது; மற்றதெல்லாம் மெதுவாகக் கெடுக்கும், இது ஒரே நாளில் முடித்துவிடும்.

தொண்டைக்காவலர்

குரலைப் பற்றி யாரும் பேசவில்லையே. இந்த வேலையில் கருவியே அதுதான்.

மைக் வாய்க்கு நேராக இருக்கக் கூடாது. உதட்டு ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, சற்றுக் கீழே. நேராக வைத்தால் மூச்சுக்காற்று மோதி இரைச்சல் வரும். தள்ளி வைத்தால் வாடிக்கையாளர் "கேட்கவில்லை" என்பார், நீங்கள் கத்துவீர்கள், பக்கத்து இருக்கைக்காரர் உங்களைத் தாண்டிக் கேட்க அவரும் கத்துவார், அரை மணியில் தளம் முழுக்க சந்தைக்கடை. காது ஒலியை ஒவ்வொரு நாளும் குறைவில் ஆரம்பித்துத் தேவைக்கு ஏற்றுங்கள். நேற்று வைத்த அளவிலேயே தொடங்கினால் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். ஒற்றைக் காது ஹெட்செட் என்றால் பாதி ஷிஃப்டில் காது மாற்றுங்கள். ஃபேக்ஸ் டோன் மாதிரி திடீர்க் கீச்சொலி காதைத் தாக்குவது உண்டு. ஒலியை 118 டெசிபலுக்கு மேல் விடாத தடுப்பு இருக்கும் ஹெட்செட்தானா என்று கேளுங்கள். பஞ்சு உறையைப் பகிர்ந்துகொள்ளவே கூடாது.

தொண்டை கட்டினால் கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு இல்லை, அதுவும் இறுக்கம்தான். கனைப்பதைவிட ஒரு மிடறு தண்ணீர் விழுங்குவது மேல். குரல் கம்மி மூன்று வாரம் தாண்டியும் தெளியாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே கால் எடுப்பவர்கள்தான் கடைசியில் குரல்நாண் முடிச்சோடு நிற்கிறார்கள்.

புதுவரவு

எல்லோருக்கும் நன்றி. ஏ.எச்.டி. என்பதுதான் எல்லோரையும் கொல்கிறது என்கிறார்கள். அது எப்படி?

தரக்காது

பேச்சு நேரம், ஹோல்ட் நேரம், கால் முடிந்தபின் குறிப்பு எழுதும் நேரம், மூன்றின் கூட்டுத்தொகைதான் ஏ.எச்.டி. புதியவர்கள் பேச்சைச் சுருக்கப் பார்க்கிறார்கள். தப்பு. வேகமாகப் பேசினால் வாடிக்கையாளருக்குப் புரியாது, திரும்பச் சொல்ல வேண்டும். நேரம் வீணாவது கடைசி இரண்டில்தான்.

குறிப்பைக் கால் நடக்கும்போதே தட்டச்சு செய்யுங்கள். என்ன பிரச்சினை, என்ன பார்த்தோம், என்ன செய்தோம், அடுத்து என்ன, நான்கு வரி போதும். அடிக்கடி வரும் பத்துக் காரணங்களுக்கு வார்ப்புரு வைத்துக்கொள்ளுங்கள். ஹோல்டுக்கு முன்னால் காரணமும் நேரமும் சொல்லுங்கள், இரண்டு நிமிடத்தைத் தாண்டும் என்றால் நடுவில் வந்து ஒரு வார்த்தை. விடை கிடைக்காமல் ஹோல்டில் தேடுவதுதான் மிகப் பெரிய விரயம். எந்தக் கேள்விக்கு எந்தக் கட்டுரை என்று முதல் மாதத்திலேயே ஒரு பட்டியல் வைத்தவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள்.

குறுக்கு வழிகள் எல்லாம் அறிக்கையில் தெரியும். தானே அழைப்பைத் துண்டித்தால் யார் துண்டித்தது என்று பதிவாகும். தேவையில்லாமல் டிரான்ஸ்ஃபர் அடித்தால் அந்த விகிதம் ஏறும். பாதித் தீர்வு சொல்லி அனுப்பினால் ஏழு நாளுக்குள் அதே எண்ணிலிருந்து மறு அழைப்பு வந்ததா என்று பார்ப்பார்கள். அடுத்த கால் வராமல் இருக்க ரெடி, ஆக்ஸ் (கால் வராத இடைவேளை நிலை), ரெடி, ஆக்ஸ் என்று தட்டுவது ஒரு பழைய வித்தை. அதற்கு வேலையே போகும்.

தொண்டைக்காவலர்

இதற்கு மறுபக்கம் உண்டு. எளிய கேள்விகளை இப்போது ஐ.வி.ஆர். (எண்ணை அழுத்தச் சொல்லும் பதிவுக் குரல்), சாட்பாட், செயலி எல்லாம் எடுத்துக்கொள்கின்றன. பாக்கி பார்ப்பது, முகவரி மாற்றுவது போன்ற ஒரு நிமிடக் கால்கள் வருவதில்லை. ஏஜென்டிடம் வருவது மற்ற எல்லா வழியும் அடைத்துப்போய், எரிச்சலின் உச்சியில் இருப்பவர். ஆனால் பல இடங்களில் இலக்கு மட்டும் எளிய கால்கள் இருந்த காலத்தில் வைத்தது. ஏ.எச்.டி. இலக்கைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று டீமில் இருப்பவரிடம் கேட்டால் மேலாண்மை எப்படி என்று புரிந்துவிடும்.

மறுபக்கக்காரன்

அவுட்பவுண்ட், அதாவது நாமே வாடிக்கையாளரைக் கூப்பிடும் வேலை பற்றி நான் சொல்கிறேன். பிரெடிக்டிவ் டயலர் என்பது ஏஜென்ட் ஓய்வாக இருக்கும் முன்பே பல எண்களை ஒரே நேரத்தில் கூப்பிடும். யாராவது எடுத்தால் ஓய்வாக இருப்பவரிடம் தள்ளும். எல்லோரும் பேசிக்கொண்டிருந்தால், எடுத்தவருக்கு மௌனம்தான் கேட்கும். அமெரிக்கத் தொலைவிற்பனை விதி, ஆள் எடுத்த அழைப்புகளில் இப்படிக் கைவிடப்படுவது 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எடுத்தவர் வணக்கம் சொல்லி முடித்த 2 விநாடிக்குள் பேச ஆள் வர வேண்டும் என்று வைத்திருக்கிறது. அந்த இரண்டு விநாடியிலேயே எதிர்முனை கடுப்பாகிவிடும், நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே பாதி தோல்வி. முதல் வாக்கியத்தில் யார், எங்கிருந்து, எதற்கு என்று சொல்லிவிடுங்கள். "எப்படி இருக்கிறீர்கள்" என்று ஆரம்பித்தால் வைத்துவிடுவார்கள்.

இன்சென்டிவ் கவர்ச்சியில் மயங்காதீர்கள். அது எந்த நிபந்தனையில் திறக்கும் என்று பாருங்கள். விற்பனை எண்ணிக்கை தொட்டும், கியூ.ஏ. ஒரு மதிப்பெண் குறைந்தால் மொத்தமும் பூஜ்யம், ஒரு நாள் லீவு எடுத்தால் பாதி என்றெல்லாம் இருக்கும். வாடிக்கையாளர் ரத்து செய்தால் கொடுத்ததைத் திரும்பப் பிடிப்பார்களா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, முக்கியமானது. சில இடங்கள் கால் சென்டரே இல்லை, மோசடிக் கூடம். உங்களை வேறு பெயரில், வரித்துறை அதிகாரி என்றோ கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் என்றோ பேசச் சொன்னால், எதிரில் இருப்பவரின் கணினியில் ரிமோட் செயலி போடச் சொன்னால், பரிசு அட்டை எண்ணாகப் பணம் கேட்கச் சொன்னால், அன்றே வெளியேறுங்கள். "நான் ஸ்கிரிப்டைத்தான் படித்தேன்" என்பது வழக்கில் உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். வேலைக்குச் சேரப் பணம் கட்டச் சொன்னாலும் அதே பதில்தான்.

இராக்கோழி

திட்டு வாங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். உள்ளே ஒன்று வைத்துக்கொண்டு வெளியே இன்னொன்று காட்டுவதும் உழைப்புதான் என்று சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1983-லேயே எழுதினார், அவர் பார்த்தது விமானப் பணிப்பெண்களை. கோபக்காரரை முதல் ஒரு நிமிடம் இடைமறிக்காதீர்கள். "அமைதியாக இருங்கள்" என்று சொல்லவே கூடாது, நெருப்பில் எண்ணெய். அவர் சொன்ன பிரச்சினையை அவர் வார்த்தையிலேயே ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள். மன்னிப்பு ஒரு முறை. பிறகு நேராக "இப்போது நான் செய்யப்போவது இது". நாலு முறை மன்னிப்புக் கேட்டால் கையாலாகாதவர் என்று முடிவு கட்டிவிடுவார். ஆபாசமாகத் திட்டினால் எத்தனை எச்சரிக்கைக்குப் பிறகு துண்டிக்கலாம் என்று எழுத்தில் இருக்கிறதா, அப்படித் துண்டித்தால் தர மதிப்பெண் போகுமா என்று பயிற்சியின்போதே கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், அங்கே ஏஜென்டுக்குப் பாதுகாப்பு இல்லை.

கடினமான கால் முடிந்ததும் அடுத்ததை எடுக்கும் முன் ஒரு நிமிடம் ஆக்ஸ் போட அனுமதி இருக்கும் இடமே நல்ல இடம். அந்த ஒரு நிமிடம் கிடைக்குமா என்பது மறுபடி வரிசைக்கணக்கன் சொன்ன ஆள் கணக்கில்தான் வந்து நிற்கிறது.

புதுவரவு

இன்டர்வியூ முடிந்துவிட்டது, எச்.ஆரோடு ஒரு பேச்சு மட்டும் பாக்கி. என்ன கேட்கட்டும்?

வரிசைக்கணக்கன்

சராசரி ஆக்குபன்சி எவ்வளவு? 85-ஐத் தாண்டித் தொடர்ந்து ஓடுகிறது என்றால் யோசியுங்கள். ரோஸ்டர் எத்தனை நாள் முன்னால் வரும்? வாரத்தின் இரண்டு ஓய்வு நாளும் சேர்ந்து வருமா, பிரிந்து வருமா? லீவு எப்படி ஒதுக்குகிறார்கள்? சம்பளத்தில் நிலையானது எவ்வளவு, மாறுவது எவ்வளவு? பயிற்சி முடிந்து தேர்வில் தோற்றால் என்ன ஆகும்? பாண்டு உண்டா? நோட்டீஸ் காலம்?

ஆக்குபன்சி எச்.ஆருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆபரேஷன்ஸ் ஆளிடம் கேட்கச் சொல்லுங்கள்.

தரக்காது

அதோடு, உங்கள் பயிற்சி பேட்சுக்கு முந்தைய பேட்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், இப்போது எத்தனை பேர் மிச்சம் என்று கேளுங்கள். ஆண்டு சராசரி விகிதத்தை எப்படி வேண்டுமானாலும் அழகாகக் காட்டலாம். இதில் அவ்வளவு இடம் கிடையாது.

புதுவரவு

சாட் பிராசஸுக்கு மாற்றிக் கேட்டால்?

மறுபக்கக்காரன்

குரல் தப்பிக்கும், தலை தப்பிக்காது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சாட் ஓடும். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் ஜன்னலில் ஒட்டுவதுதான் அங்கே நடக்கும் பெரிய விபத்து, அதில் கணக்கு விவரம் இருந்தால் நேராக ஃபேட்டல். நிமிடத்துக்கு 35 வார்த்தையாவது பிழையில்லாமல் அடிக்க வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை சாட் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு என்று சொல்லி எடுத்து, கூட்டம் ஏறும்போது நாலாக்கும் இடங்கள் உண்டு.